அக்காவின் கம்ப்யூட்டர் வெடித்த மத்தியானம்

தூசியும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகத் தீய்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறித் தொண்டையில் கசந்தது. அதற்கு முன்னால் கேட்ட சத்தத்தைத் தெருவில் யாரோ பட்டாசு வெடித்ததாகத்தான் ஒரு நொடி நினைத்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு முன்னறையில், ஸ்டெல்லா அக்காவின் கம்ப்யூட்டர் புகைந்துகொண்டிருந்தது.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து டிவிடி போட்டுத் தரும் வேலையை அக்கா வீட்டிலிருந்தே செய்துவந்தாள். அந்தச் சமயம் அவளிடம் இருந்தது அவலூர்பேட்டைப் பக்கத்துப் பெண் அமலாவின் கல்யாணம். கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே அமலாவின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கேமராக்காரரோ படத்தை அக்காவின் கம்ப்யூட்டரில் ஏற்றிய கையோடு, மெமரி கார்டை அழித்துவிட்டு வேறொரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். அந்த மனிதர் நடமாடிப் பேசிய காட்சி உலகத்திலேயே எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருந்தது.

படத்தை ஓட்டினாலே கம்ப்யூட்டர் "ஸ்டக்" ஆகி நின்றதால், அக்கா புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தாள். "இது கரண்ட் நெறைய இழுக்கும்மா, பவர் சப்ளையையும் மாத்திடு" என்று கடைக்காரர் எச்சரித்ததை அவள் சொன்னதும், "நைனா" என்று நாங்கள் அழைக்கும் அப்பா சிரித்தார்.

"நல்லா ஓடிட்டிருக்கிறத இன்னாத்துக்கு மாத்தணும்? வியாபாரத்துக்குச் சொல்லிக்கிறான். நீ மாட்டு."

மாட்டினாள். விசிறி சுற்றியது, திரை வெளிச்சமானது. "பாத்தியா?" என்று நைனா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அக்கா படத்தை ஓடவிட்டாள்; மணமேடை தெரிந்த நொடியில்தான் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து "டமார்" என்று நெருப்புப் பொறி பறந்தது.

அக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அவங்க அப்பா போயிட்டாரு நைனா" என்றாள், ஏதோ அன்றைக்குத்தான் அவர் செத்தது போல. நைனா சட்டையை எடுத்து, பொத்தானைத் துளை மாற்றிப் போட்டுக்கொண்டு, விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார்.

சாயங்காலம் அவர் கொண்டுவந்த புது பவர் சப்ளையை அக்கா பொருத்தியபோது, கிராபிக்ஸ் கார்டைத் தொடவே பயந்து தள்ளி வைத்திருந்தாள். ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது. அது தெரிந்ததும் நைனா வாசல்படியில் போய் உட்கார்ந்தார், எழுந்திருக்க வெகுநேரமானது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அமலா தன் அம்மாவோடு வந்தாள். திரையில் அவள் அப்பா மேடையேறி, மாலையும் கழுத்துமாக நின்ற மகளிடம் குனிந்து, "கண்ணு, சாப்டியா?" என்றார்.

"சாப்டேம்பா" என்று எங்கள் வீட்டு நாற்காலியிலிருந்து அமலா பதில் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் பேசியது அவளுக்கே உறைத்தது.

இப்போது அக்காவுக்கு லேப்டாப் வந்துவிட்டது. டிவிடி கேட்பவர்கள் யாருமில்லை, போட்டுப் பார்க்கப் பல வீடுகளில் டிவிடி பிளேயரும் இல்லை. போன மாதம் அமலா போன் செய்தாள். டிவிடி கீறல் விழுந்து ஓடவில்லையாம்; தாத்தா எப்படிப் பேசுவார் என்று மகள் கேட்கிறாளாம்; பழைய படம் இருக்குமா என்றாள்.

வீடு மாறியபோது அந்தக் கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்கோடு சேர்ந்து, பழைய இரும்புக்காரர் வண்டியில் போய்விட்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? அக்கா?" என்று அமலா கேட்டுக்கொண்டே இருந்தாள்.