சால்மன் ஆலையில் பெற்றோர் கூட்டம்

ஹெர்போர்க்குக்குக் கோபம் வந்தால் அவள் குரல் இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்கும். வடக்கு நார்வேயின் கடலோரச் சால்மன் ஆலையில் பதினான்கு வருடமாக மீனுக்கு முள் எடுப்பவள். மாலை ஷிப்ட் என்பதால், மகளின் பள்ளியில் ஆறு மணிக்கு நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வகுப்புப் பிரதிநிதியாக யாரும் முன்வரவில்லையென்றால், வராத ஆள் ஒருவர் தலையில் அதைக் கட்டிவிடுவார்கள். இந்த வருடம் ஹெர்போர்க் தலையில் கட்டினார்கள். கூட்டக் குறிப்பும் வந்தது. அதில் ஒரு வரி: 'வாசிப்பு உதவி வகுப்பு நிறுத்தம்; பெற்றோருக்கு ஆட்சேபணை இல்லை.'

அவள் மகள் சுன்னிவா இப்போதுதான் எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் படிக்க ஆரம்பித்திருந்தாள். வகுப்பு போனால் அதுவும் போச்சு.

மறுநாள் காலை தலைமையாசிரியர் ஐவின்டின் அறைக்குள் நுழைந்தாள்.

"யாருக்கு ஆட்சேபணை இல்ல?"

"வந்திருந்த ஒன்பது பேருக்கும். அக்கறை இருக்கறவங்க வர்றாங்க, ஹெர்போர்க்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கறையா? நீங்க தொண்டையில முள்ளு குத்தாம மீன் தின்றீங்களே, அது யார் அக்கறை? வராத பதினாலு பேரும் அந்நேரம் ஆலையிலதான் நிக்கறோம். பிரதிநிதியாப் போட்டீங்கல்ல? அடுத்த கூட்டம் நான் வைக்கறேன். வியாழக்கிழமை ஏழு மணி, எங்க சாப்பாட்டு அறை. இடைவேளை அரைமணிதான்."

"ஆலையிலயா? முறையா இருக்குமா?"

"நம்ம ஊர்ல கூட்டம்னா வாஃபிள் அப்பம் இருக்கணும்ல? அதையும் சுடுவோம். முறையாத்தான் இருக்கும்."

வியாழக்கிழமை, ஆலை விதிப்படி தலையில் பிளாஸ்டிக் தொப்பியோடு ஐவின்ட் வந்தார். எதிரே ரப்பர் பூட்ஸில் பதினான்கு பேர்.

"வீடும் பள்ளியும் கைகோத்து நடக்கணும்..." என்று ஆரம்பித்தார்.

லித்துவேனியாக்காரர் ரிமான்டாஸ் கையைத் தூக்கினார். "ஆறு வருஷமா என் பிள்ளைங்க உங்ககிட்டதான் படிக்கறாங்க. என் பேரு என்ன, சொல்லுங்க?"

"பதிவேட்டுல இருக்கு..."

"அங்க இருக்கு. உங்க வாய்க்கு வரலியே."

ஐவின்டின் காது சிவந்தது.

"வாசிப்பு வகுப்பு வேணும்கறவங்க?" என்றாள் ஹெர்போர்க். பதினான்கு கைகள் உயர்ந்தன. அவர் 14 என்று எழுதப்போனார்.

"எண்ணிக்கை வேணாம். பேரு எழுதுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதுங்க."

ஐவின்ட் மேஜை மேஜையாகக் குனிந்து கேட்டார். இடைவேளை முடிந்து மணி அடித்தபோது இன்னும் ஐந்து பேர் பாக்கி. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.