தரைக்குத் தெளித்த தண்ணீர்

உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்து, தண்ணிக்காரி தன் கணவரின் முதுகைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டினால்தான் சளி இளகும். பஞ்சுத்தூசி தின்ற நுரையீரல் அது. நாலடி வைத்தாலே மூச்சு இரைக்கும். மாடிப்படி என்றால் கதை முடிந்தது.

"மெதுவாடி. முதுகா மத்தளமா?"

"மத்தளம்னா சத்தமாவது நல்லா வரும். துப்புங்க."

அவள் நீட்டிய கிண்ணத்தில் துப்பினார். அவள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

தண்ணிக்காரி என்பது பஞ்சாலையில் வைத்த பெயர். காற்று காய்ந்தால் நூல் அறும் என்று, இயந்திரம் ஓடும் முன் தரை முழுக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். அதுதான் அவள் வேலை. ஆலையை மூடினார்கள். பூட்டு துருவேறி, செடி முளைத்துச் சுவர் பிளந்து கிடந்ததை யாரோ வாங்கினார்கள். செங்கல்லைச் சுரண்டி மெருகேற்றி, கண்ணாடி பதித்து, கம்ப்யூட்டர் அலுவலகமாக்கினார்கள். பழைய தொழிலாளர் குடும்பத்தில் ஒருவருக்குத் துப்புரவு வேலை. அந்த வேலை இருக்கும்வரை பின்பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்துகொள்ளலாம். வேலை போனால் மகன் வீடுதான். அது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

ஆலைக்காலத்தில் நூல் ஏற்றித் தள்ளிய வண்டிகளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, செடி நட்டு, கூடத்தில் பழையபடியே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முன்பு ஆலையில் சங்கு ஊதியவன் இப்போது லிஃப்ட் ஓட்டினான்.

"பாத்தீங்களாக்கா, வண்டிக்கு வந்த வாழ்வை. நம்ம மேல யாரு பெயிண்ட் அடிச்சா?"

"நீயும் அசையாம நில்லு. உன் தலையிலயும் செடி வைப்பாங்க."

அன்றைக்கு மின்சாரம் இல்லை. ஏசி நின்று கூடம் காய்ந்து கிடந்தது. முந்தின ராத்திரி இருமலில் கணவரும் தூங்கவில்லை, அவளும் தூங்கவில்லை. பூவாளியை எடுத்துச் செடிக்கு ஊற்றினாள். ஒரு வண்டி, அடுத்த வண்டி, இரண்டுக்கும் நடுவே தரை. உயரத்து ஜன்னல் வெயில் பழைய இடத்திலேயே விழுந்திருந்தது. கை தன் பாட்டுக்கு வீசியது. வாளி தீரத் தீர நிரப்பிக்கொண்டு கடைசிவரை போனாள். கூடம் முழுக்க ஈரம். இடுப்பில் கை வைத்து ஒருதரம் பார்த்தாள், நல்ல தெளிப்பு.

அப்போது மின்சாரம் வந்தது. தரையில் பதித்திருந்த மரப்பலகைக்கு அடியில் 'பட்' என்றது. கருகல் நாற்றம் எழுந்தது.

மேற்பார்வைக்காரி சின்னப் பெண். கத்தவில்லை.

"பலகைக்குக் கீழ ஒயர் போகுது, பிழிஞ்ச துணியாலதான் துடைக்கணும்னு சொன்னேனேம்மா?"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன்?"

"நூல் அறுந்துடும்னு."

நோயாளியைப் பார்ப்பதுபோல அந்தப் பெண் பார்த்தாள். "மேல பேசிப் பாக்கறேன்" என்றாள். பேசியும் பார்த்தாள். வீட்டைக் காலி செய்யும்படி மாலையில் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

கணவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"ரொம்பக் காஞ்சிருந்துச்சோ?"

"நாக்கு மாதிரி காஞ்சிருந்துச்சு."

"தெளிக்காம என்ன பண்ணுவே." மூச்சு வாங்கிக்கொண்டார். "நாலாவது மாடியா?"

"நாலாவதுதான்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் காலை லிஃப்ட்காரன் அவரைத் தள்ளிப் போக ஒரு நூல் வண்டி கேட்டுப் பார்த்தான். செடியை எடுக்கக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தான். மகனும் அவனும் அவரை ஆட்டோவில் ஏற்றி, பிறகு நாற்காலியோடு தூக்கிப் படி ஏறினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கி வைத்தார்கள். அவள் முதுகைத் தட்டினாள். மேலே கட்டிலில் கிடத்தியதும் நாற்காலியைத் துடைத்து லிஃப்ட்காரனிடம் நீட்டினாள்.

"இருக்கட்டும்க்கா. மாமாவை இறக்கறப்போ வேணும்ல?"

"அதுக்கு நாற்காலி வேண்டாம், நாலு பேர் போதும். நீ எடுத்துட்டுப் போ" என்றாள்.

அவன் நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அவள் கிண்ணத்தைத் தேடி எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.