மேடு ஏறிய தெரு

அரியலூர் டவுனில் சாவு விழுந்த வீட்டிலிருந்து போகும் முதல் இரண்டு மூன்று போன்களில் ஒன்று மணிவண்ணனுக்குப் போகும். உடலைக் கெடாமல் வைக்கும் பிரீசர் பெட்டி இரண்டு வைத்திருந்தான். குட்டியானை வண்டியில் கொண்டுபோய் இறக்கி, பிளக்கைச் செருகி, கண்ணாடி மூடியைத் துடைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பான். அழுகிறவர்கள் நடுவில் எப்படி நிற்க வேண்டும் என்பது அவனுக்குப் பழகியிருந்தது.

விக்கிரமங்கலம் பக்கத்தில் ஒரு சிற்றூர்தான் அவனுக்குச் சொந்த ஊர். அப்பா ராசாங்கம் உடம்பில் தெம்பு இருந்தவரை ஊரார் வயலில் கூலிக்கு நின்றவர். மணிவண்ணன் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, குவாரிப் பாதையின் குண்டும் குழியும் இடுப்பைப் பதம் பார்த்த பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தான். அவன் மனைவி மஞ்சு வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள்.

தொழில் தொடங்கிய காலத்தில் மார்கழிப் பனியில்தான் பெட்டிக்கு அழைப்பு வரும். இழுப்புக்காரர்கள், படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் போய்ச் சேரும் மாதம் அது. நாலைந்து வருடமாக அது மாறியிருந்தது. கத்திரி வெயில் தொடங்கினால் இரண்டு பெட்டியும் வீடு திரும்புவதில்லை. அதிலும் புதிது புதிதாக முளைத்த நகர்களிலிருந்துதான் அதிகம் கூப்பிட்டார்கள். தகர ஷீட்டும் சிமெண்டுத் தரையும் உள்ள வீடுகள். நிழலுக்கு ஒரு முருங்கை கூட இருக்காது. அந்த வீடுகளில் நுழையும்போதே, பூட்டிய அடுப்படிக்குள் போவது போல முகத்தில் அனல் அடிக்கும்.

"டவுனு சூடாயி சூடாயி, அதுவே மேகத்தக் கூப்பிட்டுக்குதாம். பெய்ஞ்சா ஒரே எடத்துல கொட்டுமாம். பேப்பர்ல போட்டுருக்கான்" என்று மஞ்சு ஒருநாள் படித்துச் சொன்னாள்.

"கொட்டட்டுமே. சூடாவது தணியும்" என்று சிரித்தான் மணிவண்ணன்.

அவர்கள் குடியிருந்ததும் அப்படி ஒரு நகர்தான். முன்பு அந்த வழியாக ஏரியின் உபரித் தண்ணீர் ஓடும் ஓடை ஒன்று இருந்தது. கருவேலமும் தாழையும் மண்டிக்கிடந்த இடத்தைத் தட்டிக் கல் நட்டு மனையாக்கினார்கள். ஓடை இருந்த இடத்தில் இப்போது சிமெண்டு ரோடு. மணிவண்ணன் மனை வாங்கியதும் பழைய லாரிக்காரச் சிநேகிதர்களைக் கூப்பிட்டு, கிராவல் அடித்து, ரோட்டுக்கு மேல் இடுப்பளவு உயர்த்திக்கொண்டுதான் வீடு கட்டினான். பெட்டியின் மோட்டார் அடியில் இருக்கிறது, ஈரம் படக் கூடாதே.

பக்கத்து வீடு குருமூர்த்தியுடையது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். உடையார்பாளையம் பக்கத்து நிலக்காரக் குடும்பம். அந்தத் தெருவில் முதலில் வீடு கட்டியவர் அவர்தான். ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டதில், அவர் வீட்டுக்குள் போக இரண்டு படி கீழே இறங்க வேண்டியதாகிவிட்டது. கிராவல் லாரி வந்த அன்று அவர் வாசலில் நின்று பார்த்தார்.

"நல்லா ஏத்திட்டீங்க மணி. இனிமே ஒங்க தண்ணியும் எங்க வூட்டுக்குத்தான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மணிவண்ணனும் சிரித்துவைத்தான்.

அவர் மனைவி கிருஷ்ணம்மாள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க மஞ்சுவிடம் வருவாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று அரைமணி நேரம் பேசுவாள். நல்ல மனுஷிதான். ஆனால் மஞ்சு காப்பி போடட்டுமா என்று கேட்டால் மட்டும், "இப்பதாம்மா குடிச்சுட்டு வரேன்" என்பாள். எந்த நேரத்தில் கேட்டாலும் அதே பதில்தான். மஞ்சுவுக்குக் காரணம் தெரியும். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்த வருடக் கத்திரியில் விடிகாலையில்கூட மொட்டைமாடித் தளம் சூடு ஆறவில்லை. தொட்டித் தண்ணீர் கொதித்துக்கிடந்தது. ஒருநாள் மதியம் குருமூர்த்தி மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது, கிருஷ்ணம்மாள் அடுப்படித் தரையில் கிடந்தாள். வியர்வையே இல்லை. உடம்பு தோசைக்கல்லாகக் காய்ந்தது. மணிவண்ணனின் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் வெயில் தாக்கியது என்றார். குருமூர்த்திக்கு அது பிடிபடவே இல்லை. "வெயில்லயே போவலியே சார். வூட்டுக்குள்ளதான இருந்தா" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் கீதாஞ்சலி மும்பையிலிருந்து வர வேண்டும். அதுவரை உடலை வைத்திருக்க மணிவண்ணன் தன் பெட்டியைப் பக்கத்து வீட்டுக் கூடத்தில் இறக்கினான். வீட்டைவிடப் பெட்டிக்குள் குளிர்ச்சி. துக்கத்துக்கு வந்த பெண்கள் கண்ணாடியில் கன்னத்தை வைத்தபடி அழுதார்கள்.

மறுநாள் உச்சி சாய்ந்ததும் காற்று சட்டென்று நின்றது. தெருநாய்கள் சாக்கடை ஓரம் சுருண்டுகொண்டன. குவாரிப் பக்கத்திலிருந்து சிவந்த புழுதி எழுந்தது. அதன் பின்னால் மேகம் கன்னங்கரேலென்று டவுனுக்கு நேர் மேலே வந்து நின்றது. முதல் காற்றிலேயே ஷாமியானா பிய்த்துக்கொண்டு போனது. யார் வீட்டுத் தகரமோ ரோட்டில் உரசிக்கொண்டு ஓடியது. கரண்டு நின்றது.

"கோட மழதான். கொஞ்ச நேரத்துல விட்டுரும்" என்றார் கிருஷ்ணம்மாளின் அண்ணன் வைத்திலிங்கம்.

விடவில்லை. வானத்தைத் திறந்துவிட்டாற்போல ஊற்றியது. மணிவண்ணன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மேல்தெருத் தண்ணீரெல்லாம் உறிஞ்ச மண் இல்லாமல், சிமெண்டு ரோட்டையே ஓடையாக்கிக்கொண்டு சுருட்டி வந்தது. அவன் மனையின் மதில்சுவரில் மோதியது. போக இடமில்லாமல் வலப்பக்கம் திரும்பி, குருமூர்த்தி வீட்டு வாசற்படியில் இறங்கியது.

இறங்கியதை அவன் கண்ணால் பார்த்தான். அதே நேரம் அவன் வீட்டு பல்பு மினுக்கியது. கரண்டு வந்துவிட்டது.

"ஐயையோ, பெட்டி!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

கூடத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பெட்டியின் அடிப்பாகம் முழுகிக்கொண்டிருந்தது. பெண்கள் சோபாவின் மேல் ஏறி நின்று அலறினார்கள். குருமூர்த்தி மனைவியை விட்டு வர மாட்டேன் என்று தண்ணீருக்குள் நடந்து பெட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"சார், தொடாதீங்க! கரண்டு!" மணிவண்ணன் வாசல் வராந்தாவில் இருந்த மெயின் சுவிட்சை மரக்குச்சியால் தட்டி இறக்கினான். குருமூர்த்தியின் கை பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. சாக்கடையும் கலந்து நாறியது. பெட்டி மெல்ல அசைய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் மிதந்துவிடும்.

"தூக்குங்க. எங்க வூட்டுக்குக் கொண்டு போயிடலாம். மேடுதான்" என்றான்.

யாரும் நகரவில்லை. வைத்திலிங்கம் குருமூர்த்தியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"அந்த வூட்டுலயா மாப்ள? நம்ம சனம் என்ன சொல்லும்? வேற வூடு பாக்கலாமே."

மஞ்சு முழங்காலளவுத் தண்ணீரில் புடவையைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். அவள் காதிலும் அது விழுந்தது. ஒரு கணம் அவள் முகம் இறுகியது. பிறகு சத்தமாகச் சொன்னாள்:

"வேற வூடு பாக்குறதுக்குள்ள அந்தம்மா முழுகிடுவாங்க. வேணுன்னா நாங்க வெளில நிக்கிறோம். தூக்குங்க சீக்கிரம்."

குருமூர்த்தி அழுகையோடு, "யாரும் வெளில நிக்க வேணாம். தூக்கு மணி" என்று தலைமாட்டுப் பக்கம் போய்த் தோள் கொடுத்தார். மற்றவர்களும் வந்தார்கள். கடைசியாக வைத்திலிங்கமும் கை வைத்தார். அந்த மழையில், தண்ணீரைக் காலால் துழாவி, வழுக்கி, பிடித்து, கண்ணாடிப் பெட்டியை மேட்டு வீட்டுக்கு ஏற்றினார்கள்.

மோட்டார் செத்துப்போயிருந்தது. கரண்டும் மறுபடி போய்விட்டது. மணிவண்ணன் வண்டியில் இருந்த மற்ற பெட்டியை இறக்கி, உடலை மாற்றி, கரண்டு திரும்பும்வரை ஐஸ் கட்டி வாங்கி அடுக்கினான். மஞ்சு தையல் மெஷினை ஓரம் தள்ளி இடம் விட்டாள். அவள் கூடத்தில், ஒருநாளும் கேட்டைத் தாண்டாத கிருஷ்ணம்மாள் கண்மூடிக் கிடந்தாள். மஞ்சு தலைமாட்டில் விளக்கேற்றி வைத்தாள். வந்திருந்த பெண்களுக்குக் காப்பி போட்டாள். சிலர் குடித்தார்கள், சிலர் தம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தார்கள்.

விக்கிரமங்கலம் பக்கத்து ஊரிலிருந்து அப்பா ராசாங்கம் போன் பண்ணினார். அங்கே தூறல்கூட இல்லையாம்.

அந்தி மயங்கும் நேரத்தில் கீதாஞ்சலி வந்தாள். அம்மாவைப் பார்த்து அழுது ஓய்ந்த பிறகு, சேறு அப்பிய தன் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்.

"தெருவுல எல்லா வூடும் நல்லாத்தானே இருக்கு. நம்ம வூட்டுக்குள்ள மட்டும் ஏன்ப்பா தண்ணி வந்துச்சு?"

மணிவண்ணன் தலைகுனிந்து நின்றான். வாயைத் திறக்கப் போனவனைக் குருமூர்த்தி கையமர்த்தினார்.

"மணி ஏத்துனாரு, தண்ணி நம்ம பக்கம் வந்துச்சு. நாம வூடு கட்டுறப்பவும் ஏத்துனோம்மா. அப்ப ஓடக்கரையில ஆண்டாயின்னு ஒரு அம்மா குடிச போட்டிருந்துச்சு. மொத மழையிலயே அது போச்சு. அந்தம்மா எங்க போனுச்சுன்னு நான் கேக்கவே இல்ல."



காரியம் முடிந்ததும் குருமூர்த்தி மகளோடு மும்பை போனார். வீட்டை வாங்கியவர் ராஜராஜன் என்று ஒரு கான்ட்ராக்டர். பழைய வீட்டை இடித்துவிட்டு, குவாரிக் கழிவு மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினார். மண் மணிவண்ணனின் தரைமட்டத்துக்கு வந்தது. அதையும் தாண்டி ஏறியது. மணிவண்ணன் போய் நின்றான்.

"சார், ஓரத்துல தண்ணி போவ ஒரு வழி விட்டு ஏத்துங்க. நானும் எம் பக்கம் மதில இடிச்சு வழி வுட்டுர்றேன்."

"வழி விட்டா என் மனைதானங்க கொறையும்? ஒங்க பக்கம் நீங்க இடிச்சுக்குங்க" என்றார் அவர் மரியாதையாகவே.

மணிவண்ணன் ஆள் வைக்கவில்லை. தானே கடப்பாரை எடுத்துத் தன் மதிலின் அடியை இரண்டு முழ அகலத்துக்கு உடைத்து, ஓரத்துக் கிராவலையும் வெட்டி வழிவிட்டான். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "பைத்தியமா இவனுக்கு?" என்று ஒருவர் கேட்டார். கீழ்த்தெருக்காரர் ஒருவர் மட்டும் ஓடிவந்து, "இது வழியா வுட்டா எங்க வூட்டுக்கில்ல வரும்?" என்று சண்டைக்கு நின்றார். ஓடையின் அடுத்த துண்டு அவர் வீட்டுக்கு அடியில்தான் இருந்தது.

ஐப்பசி பிறந்தது. குவாரிப் பக்கம் மறுபடியும் கறுத்தது. புழுக்கம் தாங்காமல் தெருவே வாசலில் உட்கார்ந்திருந்தது. மஞ்சு துணிமணியையும் குடும்ப அட்டையையும் பரண்மேல் ஏற்றினாள். மணிவண்ணன் பெட்டிகளை வண்டியில் ஏற்றி, வண்டியை மெயின் ரோட்டு மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். பாதித் தெரு வருவதற்குள் முதல் துளி கனமாக அவன் தோளில் விழுந்தது. வெந்நீர் போலச் சுட்டது.

"வந்துடுங்க, சீக்கிரம் வந்துடுங்க!" என்று வாசலில் நின்று மஞ்சு கத்தினாள்.

அவன் ஓடினான். அவனுக்குப் பின்னால், மேல்தெரு முனையில், தண்ணீரின் இரைச்சல் கேட்க ஆரம்பித்திருந்தது.