ஹெட்லி குளிர்ச்சியாக ஓட்டிய எஞ்சின்

ஹெட்லி சைக்ஸுக்கு நான் நாற்பத்திரண்டு பவுண்டு கடன்பட்டிருந்தேன். ஆறு வருஷம். சங்கத்தில் யாரைக் கேட்டாலும் எனக்கு நஷ்டம் வைத்தவன் ஹெட்லிதான் என்பார்கள். அப்படிச் சொல்ல வைத்தவன் நான்.

ஹெட்லிக்குச் சாயப்பட்டறையில் கொதிகலனுக்குக் கரி தள்ளுகிற வேலை. இரும்பை மெல்லத்தான் சூடேற்ற வேண்டும் என்பது அவன் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அதனால் சின்ன மாதிரி விமானங்கள் பறக்கவிடுகிற எங்கள் சங்கத்தில் யார் புது எஞ்சின் வாங்கினாலும் பாகங்கள் ஒன்றோடொன்று இழையும்வரை ஓட்டிப் பழக்க அவனிடம்தான் கொடுப்போம். கூலி இரண்டு பவுண்டு.

அவன் கொட்டகைக்குள் நுழையவே எனக்கு அருவருப்பாக இருக்கும். எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெயை எஞ்சின் கக்க, அது சுவர், ஜன்னல், பூனை என்று எல்லாவற்றின் மேலும் பழுப்பாகப் படிந்து பிசுபிசுக்கும். தேநீர்க் குவளையைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். அந்த நாற்றத்தோடுதான் சர்ச்சுக்கும் போவான். அவனுக்கு அடுத்த இடம் எப்போதும் காலி. ஆனால் பொறுமைக்கு அவனை மிஞ்ச ஆளில்லை. எஞ்சினை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் பூட்டி, எரிபொருள் ஊசியைத் தாராளமாகத் திறந்து, புகையும் எண்ணெயுமாக, சூடேறாதபடி இரண்டு நிமிஷம் கரகரவென்று ஓடவிடுவான். நிறுத்திக் கையால் பிடித்துப் பார்ப்பான். முழுக்க ஆறிய பிறகுதான் அடுத்த ஓட்டம்.

நான் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். இரும்பு கடைகிற ஒரே ஒரு பழைய லேத்தில் ஆரம்பித்துப் பன்னிரண்டு லேத் ஓடும் பட்டறையாக்கினேன். ஒரு பயல் எனக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. காகிதம் படித்து நான் எதையும் தெரிந்துகொண்டதும் இல்லை. எண்பத்தொன்றாம் வருஷம் வேகப் பந்தயக் கோப்பையை எடுத்தே தீருவது என்று நாற்பத்திரண்டு பவுண்டு கொடுத்து ஒரு புதுவகை எஞ்சின் வாங்கி ஹெட்லியிடம் கொண்டுபோனேன். அவன் காற்றாடியை விரலால் சுற்றிப் பார்த்தான். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் கிறீச்சென்று இறுகி நின்றது.

"வில்ஃப், இது நம்ம பழைய எஞ்சின் மாதிரி இல்லயே. உச்சியில கவ்விப் பிடிக்குது. பெட்டியில காகிதம் ஏதும் இருந்துச்சா?"

"காலமெல்லாம் இரும்பு கடையறவனுக்குக் காகிதமா? கவ்வுறது தேயுற வரைக்கும் எப்பவும்போலக் குளிர்ச்சியா ஓட்டு."

ஓட்டினான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இருபது தடவைக்கு மேல். கவ்வல் தேய்ந்தது.

பந்தயத்தன்று காற்றாடியை ஒரு சுண்டு சுண்டியதும் எஞ்சின் கிளம்பி அலறியது. அரை நிமிஷத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பிளக்கை மாற்றினேன். எரிபொருள் குழாயில் ஓட்டை உண்டா என்று தண்ணீருக்குள் விட்டு ஊதிப் பார்த்தேன். பின்மூடியை முடுக்கினேன். ஊசியைக் கால் சுற்று திறந்தேன், அரைச் சுற்று மூடினேன். ஆறினால் கிளம்பும், சூடானால் சாகும். கடைசியில் பிளக்கைப் போட்டபடியே காற்றாடியைக் கையால் சுற்றினேன். கஞ்சிக்குள் கரண்டி போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. பிடிப்பே இல்லை.

அத்தனை பேர் முன்னால் அதைக் கழற்றி ஹெட்லியின் காலடியில் எறிந்தேன். கரி தள்ளுகிறவனை நம்பிக் கொடுத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றேன். அவன் குனிந்து எஞ்சினை எடுத்துத் துடைத்து என்னிடமே நீட்டினான். வெள்ளிக்கிழமை சம்பள உறையோடு என் பட்டறைக்கு வந்து நாற்பத்திரண்டு பவுண்டு கொடுத்தான். எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டேன். அதன்பிறகு யாரும் அவனிடம் எஞ்சின் கொடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து என் பட்டறை மேஜையைத் துடைக்கும்போது எண்ணெய்க் கேன் அடியில் அந்தக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்த அன்று நான்தான் அதைக் கேனுக்கு அடியில் போட்டிருக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த வகையில் சிலிண்டரின் மேல்பக்கம் குறுகலாக இருக்கும். சூடானால்தான் விரிந்து பிஸ்டனுக்கு வழிவிடும். அதனால் முதல் ஓட்டத்திலிருந்தே சூடாக ஓட்டு, குளிர்ச்சியாக ஓட்டினால் உச்சி தேய்ந்து எஞ்சின் வீணாகும் என்று போட்டிருந்தது. அடுப்பில் போட்டேன் அதை. பிறகு ஹெட்லியின் பணத்திலேயே அதே எஞ்சின் இன்னொன்று வாங்கி, சூடாக ஓட்டிப் பழக்கி, மறுவருஷம் கோப்பையை வாங்கினேன். கூட்டத்தில் முதலில் கைதட்டியவன் ஹெட்லி. அந்தக் கோப்பையைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு விளக்கெண்ணெய் நாறும். மனைவியிடம் கொடுத்து முகரச் சொன்னேன். ஒன்றுமில்லை என்றாள்.

எண்பத்தேழில் லம் என்று ஒரு பல் டாக்டர் சங்கத்தில் சேர்ந்தார். அதேவகை எஞ்சினைக் கொண்டுவந்து, யார் ஓட்டிப் பழக்குவார்கள் என்று கேட்டார். பழைய ஞாபகத்தில் யாரோ ஹெட்லியைக் காட்டினார்கள்.

"எனக்கு வேணாங்க டாக்டர்," என்றான் ஹெட்லி. "என் கை பட்டா கெட்டுப்போகும். அந்தா வில்ஃப் இருக்காரு, அவரக் கேளுங்க."

குரலில் குத்தல் இல்லை. நம்பிச் சொல்வதுபோலத்தான் சொன்னான். எல்லோரும் மரியாதையாக என் பக்கம் திரும்பினார்கள். பன்னிரண்டு லேத் வைத்தவன், கரி தள்ளுகிறவன் காசில் கோப்பை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். காகிதம் இருந்ததையும், குளிர்ச்சியாக ஓட்டச் சொன்னது நான்தான் என்பதையும், காகிதத்தை எரித்ததையும் அங்கேயே சொன்னேன். ஹெட்லி தலையாட்டினான்.

"காகிதம் இருந்துச்சுன்னு தெரியும். பணம் கொடுக்க வந்தேனே, அன்னைக்கே பாத்தேன். எண்ணெய்க் கேனுக்கு அடியில ஓரம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன்யா கொடுத்த?"

"கெட்டது என் வைஸுல. அதுக்குக் கொடுத்தேன். மிச்சத்த நீயா சொல்லுவேன்னு பாத்தேன். மெதுவாத்தான் சூடேறுற ஆளு நீ."

கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். பணப்பையை எடுத்தேன். அவன் கையை நீட்டினான்; ரேகைக்குள்ளெல்லாம் பழுப்பு எண்ணெய், அந்த நாற்றம். நான்கு பத்து பவுண்டு நோட்டு வைத்தேன். மேலே இரண்டு ஒரு பவுண்டு நாணயம். அவன் கையை மூடவில்லை.

"ஓட்டுன கூலி?" என்றான்.

அதை நான் கொடுத்ததே இல்லை. பையைத் துழாவினேன். ஒரு பவுண்டு வைத்தேன். இன்னொன்றும் வைத்தேன்.