சென்னியப்பன் தெளியவைத்த தண்ணீர்

சென்னியப்பனுக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் சாயத்தைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது. திருப்பூருக்குத் தெற்கே ஒரு சின்னச் சாயப்பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் தொட்டியடியில் நின்றவர். விரல் இடுக்கில் ஏறிய நீலம் அவர் கல்யாணத்தன்றும் போகவில்லை.

பட்டறைக் கழிவு நேரே ஓடைப் பள்ளத்தில் இறங்கும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை. ஊர்க்காரர்கள் தடியோடு சண்டைக்கு வந்த பிறகுதான் சென்னியப்பனுக்கு அந்த யோசனை வந்தது. கலங்கிய தண்ணீரில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டால் தெளியுமே, சாயத் தண்ணீர் தெளியாதா? ஊரில் கொட்டிக் கிடந்தது முருங்கை விதை. அதை இடித்துக் கலக்கினார், படியவிட்டார், தேங்காய் நார்த்தூளும் கரியும் அடைத்த பீப்பாயில் வடித்தார். மூன்று மாதம் ஊரே சிரித்தது. நாலாம் மாதம் ரத்தச் சிவப்பாகப் போன தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போல வெளியே வந்தது.

"ஏப்பா சென்னியப்பா, இஞ்சினியரா ஆவ வேண்டிய ஆளு நீ. உன்ற தலையெழுத்து, என்றகிட்ட வந்து மாட்டிக்கிட்டே!" என்றார் முதலாளி. அவருக்குச் சந்தோஷம் வராமல் இருக்குமா? தடி எடுத்தவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்களே.

அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. சென்னியப்பனின் சித்தப்பா மகள் துளசிமணி, புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக ஒன்றரை ஏக்கர் மஞ்சள் போட்டிருந்தாள். கிணறு வற்றிப்போய் ஒரு நாள் பட்டறைக்கே வந்து நின்றாள்.

"அண்ணா, இந்தத் தண்ணியத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாமுங்களா? மாடு மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்."

"ஏம்புள்ள, மாடுதான் உனக்கு இன்ஸ்பெக்டரா?" என்றார் சென்னியப்பன். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. பீப்பாய்க்கு அடியில் கையை ஏந்தி ஒரு வாய் அள்ளிக் குடித்தார்.

உப்பு. நாக்கு சுருண்டது. துணியில் சாயம் பிடிக்க வேண்டுமென்று தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிறவர் அவரேதான். சாயத்தைத் துணி எடுத்துக்கொள்ளும், உப்பை எடுக்காது. முருங்கை விதையும் எடுக்கவில்லை. இது அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினார்.

"எளநி தோத்துது போ," என்றார்.

மனுசனுக்குக் கெட்டிக்காரன் என்ற பேர் மட்டும் வந்துவிடக் கூடாது. வந்துவிட்டால் அதைக் காப்பாற்ற எந்தப் பாவத்துக்கும் துணிவான். சிவப்பாக ஓடிய வரைக்கும் அந்தத் தண்ணீர் யாரையும் ஏமாற்றவில்லை. பார்த்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அதைத் தெளியவைத்து அவள் தோட்டத்துக்கு அனுப்பியது இவர்தான்.

துளசிமணி ஒரு மாதம் பள்ளத்தில் இஞ்சின் வைத்து அந்தத் தண்ணீரை இறைத்தாள். கார்த்திகையில் இலையோரம் கருகியது. பாத்தி மேட்டில் வெள்ளை பூத்தது. வேப்பம்புண்ணாக்கு வைத்துப் பார்த்தாள், மருந்தடித்துப் பார்த்தாள். கடைசியில் கருகிய இலையோடு இவரிடமே வந்தாள்.

"வேரழுகலுங்களாண்ணா? தண்ணி மேல குத்தஞ்சொல்ல முடியாது. நீங்கதான் குடிச்சே காமிச்சீங்களே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் மண்ணாவது மிஞ்சியிருக்கும். "மருந்துக் கடைக்காரனக் கேட்டுப் பாரு புள்ள," என்று சொல்லிவிட்டுத் தொட்டியடிக்குப் போய்விட்டார்.

மாசியில் வெட்டிய மஞ்சள் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அடுத்த வருஷம் விதைத்த சோளம் முளைக்கவே இல்லை. அந்த மண்ணில் அப்புறம் எதுவும் வரவில்லை. துளசிமணி பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போனாள்.

மூன்று வருஷம் சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில், கம்பெனி வண்டிக்காக நின்றவளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் நினைத்தார். அதற்காகத்தான் போனார் என்றுகூடச் சொல்லலாம்.

"வாயில வெச்சப்பவே தெரியுமுங்களா?"

"தெரியும் புள்ள."

வண்டி வந்து நின்றது. சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு ஏறப் போனவள் திரும்பினாள்.

"நீங்க ஒரு வார்த்தகூடச் சொல்லீருக்க வேண்டாமுங்ணா. பேசாமத் துப்பியிருந்தீங்கன்னாலே போதுமுங்களே."