உப்புக்கு முன்பே மிதந்த முட்டை

1. பின் பெஞ்சில் ஒருங்கிணைப்பாளர்

முட்டை மிதந்துவிட்டது. நான் இன்னும் உப்பையே போடவில்லை.

புரட்டாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பீரியட். பழங்காநத்தத்தில் நான் அறிவியல் ஆசிரியையாக இருந்த பள்ளியின் எட்டாம் வகுப்பு. பின் பெஞ்சில் கையில் ஃபைலோடு தர்மராஜ் சார் உட்கார்ந்திருந்தார். எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்காக நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த அறிவியல் செயல்பாட்டு நூலுக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். இந்தப் பக்கத்து மக்கள் அன்றாடம் செய்யும் வேலைகளிலிருந்து கேள்வியை எடுத்து, பிள்ளைகளே சோதித்து விடை காண வேண்டும் என்பது நூலின் திட்டம். என் பங்குக்கு நான் எழுதியது விதை நெல் தேர்வு. அது வகுப்பில் எடுபடுகிறதா என்று பார்க்கத்தான் அன்று அவர் வந்திருந்தார்.

வாடிப்பட்டிப் பக்கம் நாற்றங்கால் போடும் முன் விதை நெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டுவார்கள். உள்ளே அரிசி பிடிக்காத பொக்கும் அரைகுறை மணியும் மேலே மிதக்கும். முற்றிய மணி அடியில் தங்கும். உப்பு போதுமா என்று பார்க்க ஒரு கோழி முட்டையைப் போடுவார்கள். வெறும் தண்ணீரில் அடியில் கிடக்கும் முட்டை, உப்பு கரையக் கரைய மேலே வரும். ஓடு ஒரு எட்டணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் தண்ணீர் தயார். தராசோ அளவுக் குவளையோ தேவையில்லை. அடர்த்தி பாடத்துக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அந்த முட்டைதான் வெறும் குழாய்த் தண்ணீரில், காசு அகலத்துக்கும் மேலே ஓட்டைக் காட்டிக்கொண்டு நின்றது.

"மிஸ், உப்புப் போடாமலே மிதக்குது!"

"இது நீச்சக் கிளாஸுக்குப் போன முட்டை மிஸ்!"

வகுப்பே சிரித்தது. தர்மராஜ் சார் சிரிக்கவில்லை. "டீச்சர், வேற முட்டைய மாத்திப் போடுங்க. டைம் போகுது" என்றார்.

மேசையில் இன்னும் இரண்டு முட்டைகள் இருந்தன. கை அந்தப் பக்கம் போனது. பிறகு நிறுத்திக்கொண்டேன். "ஏன் மிதக்குது?" என்று வகுப்பைக் கேட்டேன்.

முத்துமாரி எழுந்தாள். அவள் அப்பா பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் புரோட்டாக் கடை வைத்திருந்தார். "அது கெட்ட முட்டை மிஸ். எங்கப்பா தண்ணியில போட்டுப் பாத்துட்டுத்தேன் ஆம்லெட்டுக்கு உடைப்பாரு. மிதந்தா தூக்கி வீசிருவாரு."

"போடி இவளே!" என்றான் கார்த்தி. அவன் மாமா வயல் வைத்திருக்கிறார். "மிதந்தா உப்பு சரியா இருக்குன்னு அர்த்தம். மிஸ் குடுத்த தாள்லயே போட்டிருக்கு."

"உப்பே போடலையேடா! நாக்க விட்டு நக்கிப் பாரு!"

பெல் அடித்தது. தர்மராஜ் சார் ஃபைலில் என்னவோ எழுதிக்கொண்டு போனார்.

2. வாடிப்பட்டி முற்றம்

சனிக்கிழமை காலை வாடிப்பட்டிக்கு பஸ் ஏறினேன். இந்த முட்டை முறையை எனக்குச் செய்து காட்டிய விவசாயி மொக்கச்சாமி அண்ணன், வீட்டில்தான் இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"பச்சத் தண்ணியில மிதந்துச்சா?" என்று புருவத்தைத் தூக்கினார். "நான் பாத்ததே இல்லையே டீச்சர்."

"பழைய முட்டை மிதக்குமாம்ணே."

"பழைய முட்டைக்கு எங்க வீட்டுல எங்கிட்டுப் போறது? கோழி இட்ட சூடு ஆறுமுன்ன இந்தப் பயலுக பொரிச்சுத் தின்னுர்றாய்ங்க. விதைக்கு ஒண்ணு மிச்சம் வைக்கவே அம்புட்டுச் சண்ட போட வேண்டியிருக்கு."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "தின்னுறதுல பெரிய பய இவுகதேன்!" என்று குரல் கொடுத்தார்.

அண்ணன் காதில் வாங்காதவர் போல, "நல்ல முட்டையாப் பாத்து வாங்குங்கன்னு எழுதிவிட்டுருங்க டீச்சர். சோலி முடிஞ்சது" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் முறையில் தவறு இல்லை. அந்த முற்றத்தில் முட்டை எப்போதும் புதிது. எனவே புதிதாக இருக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவைப்பட்டதில்லை. நான் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வந்தேன். முற்றம் அங்கேயே தங்கிவிட்டது. பழங்காநத்தத்தில் கடை வாசலில் வெயில் தின்ற முட்டைக்கு இருக்கும் சட்டம் வேறு. அதை அறிந்தவர் புரோட்டாக் கடைக்காரர். அவருக்கு விதை நெல் தெரியாது. அண்ணனுக்குப் பழைய முட்டை தெரியாது. இருவர் சொல்வதும் சரி. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பார்த்தது எட்டாம் வகுப்புதான்.

3. லேபா, புரோட்டாக் கடையா?

அடுத்த வாரம் ஆளுக்கொரு இடத்திலிருந்து முட்டை கொண்டுவரச் சொன்னேன். வந்தவை எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் போட்டார்கள். சில படுத்தே கிடந்தன. சில அடியிலேயே செங்குத்தாக நின்றன. சில மிதந்தன. ஒன்று கை தவறி விழுந்து உடைந்தது. நாற்றம் மாடி வரை போனது. தலைமையாசிரியை மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏன் டீச்சர், இது லேபா, புரோட்டாக் கடையா?"

"எங்க கடையில இப்படி நாறாது மிஸ்" என்றாள் முத்துமாரி, ரோஷத்தோடு.

பிறகு பிள்ளைகள் தாங்களே ஒரு விதி செய்தார்கள்: முதலில் வெறும் தண்ணீரில் போடு; படுத்துக் கிடக்கும் முட்டையை மட்டும் உப்புச் சோதனைக்கு எடு. கார்த்தி ஒரு படி மேலே போனான். மிதக்கும் முட்டையை நம்பி உப்பே போடாமல் விட்டால் விதைக்கு என்ன ஆகும் என்று கேட்டான். நெல்லைக் கொட்டிப் பார்த்தார்கள். வெறும் தண்ணீரில் பொக்கு மட்டும்தான் மேலே வந்தது. நல்ல முட்டையை வைத்துக் கரைத்த உப்புத் தண்ணீரில் அரைகுறை மணிகளும் வந்தன. முட்டை ஏமாற்றினால் அரைகுறை மணியெல்லாம் நல்ல விதையாகி நாற்றங்காலுக்குப் போய்விடும் என்று அவர்களே சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆசிரியப் பணியில் அது சுலபமான காரியமல்ல.

என் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். கேள்வி, செய்முறை, கீழே முடிவுக்கு ஒரு காலிக் கட்டம். முட்டை புதிதா பழையதா என்பது பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

4. ஒரு வரி

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை, இறுதிக் கூட்டம். புரூஃப் கைக்கு வந்தது. என் பக்கத்தின் உச்சியில் தடித்த எழுத்தில் ஒரு வரி ஏறியிருந்தது: 'புதிய முட்டையை மட்டுமே பயன்படுத்தவும்.' கீழே காலிக் கட்டத்தில் விடையும் அச்சாகியிருந்தது. ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி: நம் முன்னோர்களின் அறிவியல் பிழையற்றது.

"சார், இத எடுத்திருங்க" என்றேன்.

"ஒரு வரிதானே டீச்சர்?"

"அந்த ஒரு வரியத்தான் சார் எங்க பிள்ளைக ஒரு வாரமாக் கண்டுபிடிச்சாங்க."

"உங்க கிளாஸ்ல புரோட்டாக் கடைக்காரர் மக இருந்தா. எல்லா ஊர்லயும் இருப்பாளா?"

"எல்லா ஊர்லயும் யாராச்சும் இருப்பாங்க. மளிகைக் கடைக்காரர் மகன் இருப்பான். சத்துணவு சமைக்கிறவங்க மக இருப்பா."

"இல்லன்னா?"

"இல்லன்னா அந்தக் கிளாஸ் மறுநாளும் யோசிக்கட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்டவர் அல்லர். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர். "ஒரு பீரியட்ல முடிக்க முடியாத பாடத்த எந்த டீச்சர் எடுப்பாங்க? சோதனை சொதப்புனா பிள்ளைங்க முன்னாடி அசிங்கப்படுறது அவங்கதானே? நாளைக்கு எனக்கு போன் போட்டுத் திட்டுவாங்க."

"என் நம்பரக் குடுங்க சார். நான் வாங்கிக்கிறேன்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வரியோட அச்சுக்குப் போகும். இல்லன்னா பக்கமே போகாது."

என் பெயரை ஒரு நூலில் அச்சில் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. இல்லை என்றால் பொய். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது. இனி ஒரு நூலுக்கு என்னை அழைப்பார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. புரூஃபை ஒரு தடவை பார்த்தேன். படம் நன்றாக வந்திருந்தது.

"அப்பப் போக வேண்டாம் சார்" என்று தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

நூல் வெளிவந்தபோது அந்த இடத்தில் வேறொரு பாடம் இருந்தது, விடையோடு. ஆசிரியர் குழுப் பட்டியலில் என் பெயர் இல்லை.

5. எழுத வருபவர்களுக்கு

திருப்பரங்குன்றத்தில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. என் பக்கத்தை, நான் எழுதியபடியே, காலிக் கட்டத்தோடு பிரதி எடுத்துத் தெரிந்த ஆசிரியர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். என் பணி நிறைவு விழாவுக்கு தர்மராஜ் சாரும் வந்திருந்தார். சால்வையைப் போர்த்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தாள இன்னும் குடுத்துக்கிட்டு இருக்கீங்களாமே? அனுமதி வாங்காத தாளு டீச்சர் அது."

"ஆமா சார். நிறுத்துறதா இல்ல."

இப்போது இத்தகைய நூல்களை எழுத வரும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். ஊர் அறிவைப் பாடத்தில் சேர்ப்பதென்றால் அதற்குச் சால்வை போர்த்தி மேடையில் உட்கார வைக்காதீர்கள். எந்த முற்றத்தில் அது செல்லும், எந்தக் கடை வாசலில் செல்லாது என்று பிள்ளைகள் சோதிக்கட்டும். அதை மதிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சோதனை சொதப்ப இடம் விடுங்கள். அந்த இடத்தை அடைக்கச் சொல்வார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள், நேரம், தேர்வு, ஆசிரியர் மானம் என்று நியாயமான காரணங்களும் வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, முடியாது என்று சொல்லுங்கள்.

பக்கம் கைவிட்டுப் போகும். பெயரும் போகும். எனக்குப் போனது. விடையை முன்கூட்டியே அச்சிட்ட பக்கத்தில் என் பெயர் இல்லை என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.