கிட்வாய் நகரை விட்டுப் போன துப்பாக்கி

2002 ஜனவரி. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் கடந்து, காலையில் சேர வேண்டிய வண்டி நண்பகலில்தான் புது தில்லிக்குள் நுழைந்தது. ஆக்ராவிலிருந்தே பனிமூட்டம்.

நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெட்டியில் வழியெல்லாம் அதே பேச்சு. நல்லவர்களுக்கெல்லாம் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துவிட வேண்டும் என்றார் ஒரு ஜவுளி வியாபாரி. வீடுகளில் இருப்பதையும் அரசாங்கம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் எதிரே இருந்த கல்லூரி ஆசிரியர். "வந்தவன் லைசென்ஸ் கேட்டா வந்தான்?" என்று இருவருமே கேட்டார்கள். ஒரே கேள்வி இரண்டு பக்கத்துக்கும் பொருந்தியது.

அக்கா வீடு இருக்கும் கிட்வாய் நகருக்கு ஆட்டோ அறுபது ரூபாய். குடியரசு தினம் நெருங்கியதால் வழியில் இரண்டு இடத்தில் பையைத் திறந்து காட்டினேன். என் இருபத்து மூன்றாவது வயதில், வேலை தேடி ஒரு வருடம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளமும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு, வேர்க்கடலை கொறித்தபடி அக்காவும் நானும் நடந்தே திரும்புவோம். அந்த நாட்களில் சாலையில் யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை.

அத்தானுக்கு அந்த மாதக் கடைசியில் அரசு வேலையிலிருந்து ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்து பாளையங்கோட்டைக்கு வரப்போகிறார்கள்; உதவிக்குத்தான் நான் போயிருந்தேன். மூட்டைகளுக்கு நடுவே, ராணுவத்திலிருந்து வந்த புதிதில் அத்தான் லைசென்ஸோடு வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி சுவரில் சாய்ந்திருந்தது. சீக்கியருக்கு எதிரான 1984 கலவரத்தில், கீழ்வீட்டு மொஹிந்தர் சிங்கின் குடும்பத்தைத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மாடிப்படியில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். கூட்டம் திரும்பிப் போனது.

"ஊருக்குக் கொண்டு வரலையா அத்தான்?"

"வேண்டாம் மாப்ளே. நாளைக்குப் போலீஸ்ல ஒப்படைச்சிருதேன்."

மாலையில் மொஹிந்தர் மேலே வந்தார். அக்காவின் வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அத்தானை அவர் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்; மற்றதெல்லாம் ஹிந்தி. அவரும் லைசென்ஸுக்கு மனுப் போட்டிருந்தார், கிடைக்கவில்லை.

"இந்த நேரத்திலயா கொடுப்பீங்க அண்ணாச்சி? குண்டு வைக்கிறவன் எதையும் ஒப்படைக்கப் போறதில்லை. சட்டத்துக்குப் பயந்தவன் மட்டும் வெறுங்கையோட நிக்கணுமா?"

அத்தான் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பிறகு ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்குக் கூட்டத்துக்கு முன்னால நின்னவன் யாரு தெரியுமா? நமக்குத் தினம் பால் ஊத்தினவன். விசையில விரலை வச்சுட்டேன். அவன் இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தா சுட்டிருப்பேன். இப்பவும் அவன் முகம் கனவுல வருது."

"உங்களுக்குக் கனவு வருது. என் பிள்ளைங்க உயிரோட இருக்காங்க."

இந்த வீட்டில் சீட்டாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்திருக்கிறேன். இது அந்த மாதிரிச் சண்டை இல்லை. அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். "ஆறிப்போகுது, குடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அத்தான் துப்பாக்கியை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு இறங்கினார். வாசலில் மொஹிந்தர் ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் இதைத் தூக்கிக்கொண்டு போனால் வழியெல்லாம் நிறுத்துவார்கள் என்றார். தனக்கு வேண்டாத காரியத்துக்கு அவரே கூட்டிப்போனார்.

மதியம் வெறுங்கையோடு திரும்பினார்கள். அத்தான் முகம் தெளிந்திருந்தது. மொஹிந்தர் சாப்பிட மேலே வரவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் கிளம்பினோம். ஸ்டேஷன் வாசலில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு காவலர்கள். எங்கள் ஊரில் வங்கி வாசலைத் தவிர வேறெங்கும் நான் துப்பாக்கி பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ, அத்தான், மொஹிந்தர் இருவரில் யார் சொல்வது சரி என்று இன்றும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

வண்டி நகருமுன் மொஹிந்தர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"துப்பாக்கி போனா போகட்டும் அண்ணாச்சி," என்றார். "மேல்வீட்டுக்கு இனி யார் வரப்போறாங்களோ, அதுதான் தெரியலை."